தைஹோகுவில் முடிந்த கடைசிப் பயணம்: நேதாஜியின் வாழ்வும் ஓர் இன்ஜின் கோளாறும்

புதுடெல்லி: 1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி பிற்பகல். இன்றைய தைவான் தலைநகர் தைபே அன்று ஜப்பானியர் ஆட்சியில் தைஹோகு என்று அழைக்கப்பட்டது. அந்நகரின் விமானத் தளத்திலிருந்து ஜப்பானிய ராணுவத்தின் இரட்டை இன்ஜின் குண்டுவீச்சு விமானம் ஒன்று மேலெழும்பியது. ஓடுபாதையைத் தாண்டிய சில நொடிகளில் பெரும் ஓசை கேட்டது. விமானத்தின் இடதுபுற இன்ஜின் கழன்று விழுந்தது. நிலை தடுமாறிய விமானம் தரையில் மோதித் தீப்பற்றியது. அதில் பயணம் செய்தவர்களில் ஒருவர் சுபாஷ் சந்திர போஸ் என்பதே விசாரணை அறிக்கைகள் பலவும் கூறும் செய்தி.

அப்போது அவருக்கு வயது 48. தப்புவதும் புறப்படுவதும் எல்லை கடப்பதுமாகவே அமைந்த அவரது வாழ்க்கையின் கடைசிப் பயணம் அது. அந்தப் பிற்பகலில் நிகழ்ந்தது என்ன என்பதை அறிய இந்திய அரசு மூன்று முறை விசாரணை நடத்தியது. ஆனாலும் நேதாஜியின் பிறந்த நாள் தேசமெங்கும் கொண்டாடப்படும் அளவுக்கு அவரது நினைவு நாள் ஒருமித்த மனத்துடன் அனுசரிக்கப்படுவதில்லை.

கட்டாக் நகரில் தொடக்கம்

ஒடிசாவின் கட்டாக் நகரில் 1897ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் தேதி சுபாஷ் பிறந்தார். தந்தை ஜானகிநாத் போஸ் அந்நகரின் புகழ்பெற்ற வழக்கறிஞர். தாயார் பிரபாவதி. 14 பிள்ளைகள் கொண்ட பெரிய குடும்பத்தில் சுபாஷ் 9ஆவது குழந்தை. ஆங்கிலேயப் பாதிரிமார் நடத்திய பள்ளியில் தொடக்கக் கல்வி பயின்றவர், பின்னர் ரேவன்ஷா பள்ளியில் சேர்ந்தார். பதின்ம வயதில் விவேகானந்தரின் எழுத்துகள் அவரை ஆட்கொண்டன.

1913ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் கல்கத்தா பல்கலைக்கழக அளவில் இரண்டாமிடம் பெற்றுப் பிரசிடென்சி கல்லூரியில் நுழைந்தார். 1916ஆம் ஆண்டு அங்கு இந்திய மாணவர்களை அவமதித்ததாகக் கூறப்பட்ட ஆங்கிலேயப் பேராசிரியர் தாக்கப்பட்ட சம்பவத்தில் அவர் கல்லூரியை விட்டு வெளியேற்றப்பட்டார். ஓராண்டுக்கு மேல் படிப்பு தடைபட்டது. பின்னர் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் சேர்ந்து 1919இல் தத்துவத்தில் முதல் வகுப்பில் தேறினார்.

மகன் ஐ.சி.எஸ். அதிகாரியாக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அதே ஆண்டில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுபாஷ், குறுகிய காலமே தயாராகி 1920ஆம் ஆண்டுத் தேர்வில் நான்காமிடம் பெற்றார். அன்றைய இந்திய இளைஞர் ஒருவர் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவி அது. ஆனால் அந்நிய அரசின் ஊழியனாக இருந்துகொண்டு நாட்டு விடுதலைக்கு உழைக்க இயலாது என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1921ஆம் ஆண்டு ஏப்ரலில் ராஜினாமா கடிதத்தை அனுப்பினார். ஜூலையில் பம்பாய் வந்திறங்கிய அன்றே காந்தியடிகளைச் சந்தித்தார்.

சிறையும் நோயும்

கல்கத்தாவில் சித்தரஞ்சன் தாஸ் அவருக்கு அரசியல் ஆசானாக அமைந்தார். 1924ஆம் ஆண்டு தாஸ் கல்கத்தா மாநகராட்சி மேயரானபோது, 27 வயது சுபாஷ் அதன் தலைமை நிர்வாக அதிகாரியானார். மாதச் சம்பளம் 3,000 ரூபாய். அதில் பாதியை மட்டுமே அவர் பெற்றுக்கொண்டார். சில மாதங்களிலேயே, அந்த ஆண்டு அக்டோபரில், விசாரணையின்றி கைது செய்யப்பட்டார். பர்மாவின் மாண்டலே சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

அந்தச் சிறைவாசம் அவரது உடலைச் சிதைத்தது. காசநோய் தாக்கியது. சிறையில் இருந்தபடியே வங்கச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதிலும் விடுதலை கிடைக்கவில்லை. உடல்நிலை மிகவும் நலிவுற்ற பின்னரே 1927ஆம் ஆண்டு மே மாதம் விடுவிக்கப்பட்டார். அதன் பிறகும் சிறைக்கதவுகள் அவருக்காகப் பலமுறை திறந்து மூடின. 1930ஆம் ஆண்டு கல்கத்தா மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதும் அவர் சிறையிலேயே இருந்தார்.

சிகிச்சைக்காக 1933ஆம் ஆண்டு ஐரோப்பா சென்ற அவர், வியன்னாவைத் தமது இருப்பிடமாக்கிக் கொண்டார். இந்திய விடுதலைப் போராட்டம் பற்றி அங்கு அவர் எழுதிய ஆங்கில நூல் 1935இல் லண்டனில் வெளியானது. பிரிட்டிஷ் இந்திய அரசு அதற்குத் தடை விதித்தது. அந்த நூலுக்குத் தட்டச்சு உதவியாளராக வந்த எமிலி ஷெங்கல் பின்னாளில் அவரது வாழ்க்கைத் துணைவியானார். 1934ஆம் ஆண்டு இறுதியில் தந்தை உயிருக்குப் போராடுகிறார் என்ற செய்தி கிடைத்ததும் அவர் விமானத்தில் தாயகம் விரைந்தார். அவர் கல்கத்தா வந்து சேர்வதற்குள் ஜானகிநாத் காலமாகிவிட்டார்.

காங்கிரஸ் தலைமையும் முறிவும்

1938ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹரிபுராவில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டுக்கு 41 வயது போஸ் தலைமை வகித்தார். சுதந்திர இந்தியாவின் தொழில்வளர்ச்சியை முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்ற நோக்கில் தேசியத் திட்டக் குழுவை அமைத்து, அதன் தலைவராக ஜவாஹர்லால் நேருவை நியமித்தார்.

மறு ஆண்டு மீண்டும் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். காந்தியடிகளின் ஆதரவு பட்டாபி சீதாராமையாவுக்கு இருந்தது. 1,580 வாக்குகளுக்கு 1,377 என்ற கணக்கில் போஸ் வென்றார். ஆனால் வெற்றி நீடிக்கவில்லை. செயற்குழு அமைப்பதில் எழுந்த முட்டுக்கட்டை நீங்காததால் 1939ஆம் ஆண்டு ஏப்ரலில் பதவி விலகினார். அடுத்த மாதம் பார்வர்டு பிளாக் அமைப்பைத் தொடங்கினார். தமிழகத்தில் அந்த அமைப்பின் முகமாக விளங்கியவர் முத்துராமலிங்கத் தேவர்.

இரண்டாம் உலகப் போர் மூண்ட செய்தி போஸை எட்டியது சென்னைக் கடற்கரையில்தான். 1939ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி அங்கு திரண்டிருந்த மாபெரும் கூட்டத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தார். அப்போது போர் அறிவிப்பைத் தாங்கிய மாலை நாளிதழ் அவரது கையில் தரப்பட்டது. பிரிட்டனின் நெருக்கடியை இந்தியா பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே அதற்குப் பின் அவர் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் அடிப்படையாக அமைந்தது.

நள்ளிரவில் வெளியேறியவர்

1940ஆம் ஆண்டு ஜூலையில் கைதான போஸ், நவம்பர் இறுதியில் சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். அவர் சிறையில் இறந்துவிடக் கூடாது என்று அஞ்சிய அரசு, டிசம்பரில் அவரை வீட்டுக்கு அனுப்பியது. எல்ஜின் சாலை இல்லத்தைச் சுற்றிக் காவல் போடப்பட்டது.

1941ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில் காவலர்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அவர் வெளியேறினார். முகமது ஜியாவுதீன் என்ற இன்சூரன்ஸ் முகவராக வேடம் புனைந்திருந்த அவரை, அண்ணன் சரத் சந்திர போஸின் மகன் சிசிர் காரில் அழைத்துச் சென்றார். இன்றைய ஜார்க்கண்டில் உள்ள கோமோ நிலையத்தில் ரயிலேறிய போஸ், பெஷாவரை அடைந்தார். அங்கிருந்து மலைப்பாதைகள் வழியே காபூல் சென்றார். ஆர்லாண்டோ மாசோட்டா என்ற பெயரிலான இத்தாலியக் கடவுச்சீட்டுடன் மாஸ்கோ வழியாக ஏப்ரல் தொடக்கத்தில் பெர்லினை எட்டினார்.

ஜெர்மனியில் சுதந்திர இந்திய மையத்தை நிறுவினார். வானொலி வழியாக இந்திய மக்களுடன் பேசினார். வட ஆப்பிரிக்கப் போர்முனையில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களில் இருந்து சுமார் 3,000 பேர் கொண்ட படையை உருவாக்கினார். ஆனால் இந்திய விடுதலைக்கு வெளிப்படையான ஆதரவு தெரிவிக்க ஹிட்லர் அரசு முன்வரவில்லை. 1942இல் ஹிட்லரைச் சந்தித்தும் பயன் விளையவில்லை. நாஜி ஆட்சியுடனும் ஜப்பானுடனும் அவர் கைகோத்தது குறித்த விமர்சனம் இன்றளவும் வரலாற்றாசிரியர்களிடையே தொடர்கிறது. பகைவனுக்குப் பகைவனின் உதவியைப் பெறுவதில் தவறில்லை என்று அவர் கருதினார்.

1942ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி வியன்னாவில் அவரது மகள் அனிதா பிறந்தார். குழந்தைக்கு மூன்று மாதம் நிறைவதற்குள், 1943ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி கீல் துறைமுகத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலில் போஸ் ஏறினார். உடன் சென்றவர் ஆபித் ஹசன். ஏப்ரல் இறுதியில், மடகாஸ்கர் அருகே கொந்தளிக்கும் கடலில், ரப்பர் மிதவை ஒன்றில் ஏறி இருவரும் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலுக்கு மாறினர். மனைவியையும் மகளையும் அவர் மீண்டும் பார்க்கவேயில்லை.

தோட்டத் தொழிலாளர்களின் படை

1943ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி சிங்கப்பூர் வந்த போஸ், இரு நாட்களில் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து இந்திய சுதந்திர லீகின் தலைமையை ஏற்றார். குலைந்து கிடந்த இந்திய தேசிய ராணுவம் புத்துயிர் பெற்றது. அக்டோபர் 21ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அவர் பிரகடனம் செய்தார்.

போர்க் கைதிகளான இந்தியச் சிப்பாய்களுடன் தென்கிழக்கு ஆசியாவில் வாழ்ந்த சாதாரண இந்தியர்களும் படையில் இணைந்தனர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிப் பிழைத்த தமிழர்கள் அவர்களில் பெரும் பகுதியினர். இந்தியாவையே பார்த்திராத இளைஞர்களும் அந்நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தினர். பெண்களுக்கென அமைக்கப்பட்ட ஜான்சி ராணி படைப்பிரிவுக்குச் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமை தாங்கினார். அதிலும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துத் தமிழ்ப் பெண்கள் கணிசமாக இருந்தனர். தாலியையும் வளையலையும் கழற்றிக் கொடுத்த பெண்களின் காணிக்கை அந்த அரசின் கருவூலத்தை நிரப்பியது.

1944ஆம் ஆண்டு ஜப்பானியப் படையுடன் இணைந்து இம்பால், கோஹிமா நோக்கி இந்திய தேசிய ராணுவம் முன்னேறியது. ஏப்ரல் மாதம் மணிப்பூரின் மொய்ராங்கில் மூவர்ணக் கொடி ஏற்றப்பட்டது. ஆனால் விநியோகம் அறுந்தது. பருவமழை கொட்டியது. குண்டுக்கு இரையானவர்களுடன் மலேரியாவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பசிக்கும் பலியானவர்களும் எண்ணற்றோர். ஜூலையில் படைகள் பின்வாங்கின.

1945ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி போஸ் ரங்கூனை விட்டு வெளியேறினார். ஜான்சி ராணி படைப் பெண்களைப் பாதுகாப்பாக அழைத்துச் செல்லாமல் தாம் மட்டும் புறப்பட அவர் மறுத்தார். விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பகலில் பதுங்கி, இரவில் நடந்து, ஏறக்குறைய மூன்று வாரங்களில் அந்த அணி பாங்காக் சேர்ந்தது.

இரண்டே இடங்கள்

ஆகஸ்ட் மாதம் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டுகள் விழுந்தன. ஜப்பான் சரணடைவதாக ஆகஸ்ட் 15ஆம் தேதி அறிவித்தது. சிங்கப்பூரில் தமது அமைச்சரவை சகாக்களுடன் போஸ் ஆலோசித்தார். அங்கேயே இருந்து பிரிட்டிஷ் படையிடம் பிடிபடுவதா அல்லது சோவியத் ஒன்றியத்தின் எல்லையை எட்ட முயல்வதா என்பதே கேள்வி. சகாக்களின் வற்புறுத்தலை ஏற்று ஆகஸ்ட் 16ஆம் தேதி காலை அவர் சிங்கப்பூரிலிருந்து பாங்காக் புறப்பட்டார்.

மறுநாள் சைகோனில் சிக்கல் எழுந்தது. ஜப்பானியப் படைத்தளபதி ஷிதெய் மஞ்சூரியாவின் டைரன் நகருக்குச் செல்லும் விமானம் தயாராக இருந்தது. சோவியத் படைகள் நெருங்கிக்கொண்டிருந்த பகுதி அது. ஆனால் அதில் போஸுக்கு ஒரே ஓர் இடம் தரமுடியும் என்று ஜப்பானிய அதிகாரிகள் தெரிவித்தனர். நீண்ட வாதத்துக்குப் பின் இரண்டாவது இடம் கிடைத்தது. ஆபித் ஹசன், எஸ்.ஏ. அய்யர், தேவநாத் தாஸ் உள்ளிட்ட சகாக்களை விட்டுவிட்டு, கர்னல் ஹபீபுர் ரஹ்மானை மட்டும் உடன் அழைத்துக்கொண்டு போஸ் விமானம் ஏறினார். மற்றவர்கள் அடுத்த விமானத்தில் வருவார்கள் என்பது ஏற்பாடு.

சைகோனில் பின்தங்கியவர்களில் ஒருவரான அய்யர், செய்தி நிறுவனம் ஒன்றின் பாங்காக் செய்தியாளராக இருந்து, தற்காலிக அரசின் பிரசார அமைச்சராக உயர்ந்த தமிழர். ஒரே ஓர் இடம் கூடுதலாகக் கிடைத்திருந்தால் விபத்துக்கு இந்தியத் தரப்பில் இன்னொரு சாட்சி இருந்திருக்கக்கூடும். அல்லது இன்னொரு மரணம் நிகழ்ந்திருக்கக்கூடும்.

சுமையேறிய விமானம்

அது மித்சுபிஷி நிறுவனம் தயாரித்த கி-21 ரகக் குண்டுவீச்சு விமானம். பயணிகளுக்கான இருக்கைகள் கிடையாது. விமானக் குழுவினரும் பயணிகளுமாக ஒரு டசன் பேருக்கு மேல் நெருக்கியடித்துத் தரையில் அமர்ந்தனர். சைகோனில் கிளம்பும்போதே விமானம் கூடுதல் சுமையால் திணறியது. அன்றிரவு இன்றைய டா நாங் ஆன டூரானில் தங்கியபோது, எடையைக் குறைக்க இயந்திரத் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் இறக்கி வைக்கப்பட்டதாக விசாரணையில் தெரிய வந்தது.

ஆகஸ்ட் 18ஆம் தேதி நண்பகல் தைஹோகுவில் எரிபொருள் நிரப்ப விமானம் இறங்கியது. மீண்டும் புறப்படும் முன் சோதித்தபோது, இடது இன்ஜினில் வழக்கத்துக்கு மாறான அதிர்வு இருந்ததையும் அது சரிசெய்யப்பட்டதையும் தளத்தின் பராமரிப்பு அதிகாரி பின்னாளில் தமது சாட்சியத்தில் குறிப்பிட்டார். பிற்பகல் சுமார் இரண்டரை மணிக்கு விமானம் ஓடுபாதையில் விரைந்தது.

1956ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு தயாரித்த அறிக்கையின்படி, தரையிலிருந்து சுமார் 20 மீட்டர் உயரத்தில் இருந்தபோது இடதுபுற சுழல்விசிறியின் மூன்று இதழ்களில் ஒன்று முறிந்தது. அதைத் தொடர்ந்து இன்ஜினே கழன்று விழுந்தது. மிகுவேகத்தில் சுழலும் விசிறியின் ஓர் இதழ் முறிந்தால் எஞ்சிய இதழ்களின் சமநிலை குலைகிறது. அதனால் எழும் கடும் அதிர்வைத் தாங்க இயலாமல் இன்ஜினைத் தாங்கும் பிணைப்புகளே பிய்ந்து போகும்.

இரட்டை இன்ஜின் விமானத்துக்கு இதைவிடக் கொடிய தருணம் வேறில்லை. உயரத்தில் பறக்கும்போது ஓர் இன்ஜின் நின்றால் மற்றொன்றைக் கொண்டு சமாளிக்க அவகாசம் இருக்கும். மேலெழும்பும் நொடியிலோ வேகமும் குறைவு, உயரமும் குறைவு. ஒருபுறம் மட்டும் இயங்கும் இன்ஜின் விமானத்தை மறுபுறமாகத் திருப்பிவிடும். எரிபொருள் முழுமையாக நிரம்பி, சுமையும் மிகுந்திருந்த நிலையில் விமானிக்கு மீள வழியிருக்கவில்லை.

தளத்தின் விளிம்பில் விழுந்த விமானம் இரண்டாக உடைந்தது. ஷிதெய் அங்கேயே உயிரிழந்தார். விமானியும் மாண்டார். எரிபொருள் தொட்டியின் அருகே அமர்ந்திருந்த போஸின் மீது பெட்ரோல் சிதறியிருந்தது. பின்வாசல் அடைபட்டிருந்ததால், தீயின் ஊடாக முன்புறம் வழியே அவர் வெளியேறினார். அவரது ஆடையில் பற்றிய நெருப்பை அணைக்க முயன்ற ஹபீபுர் ரஹ்மானின் கைகளும் வெந்தன.

அருகிலிருந்த ராணுவ மருத்துவமனைக்குப் போஸ் கொண்டு செல்லப்பட்டார். உடலின் பெரும்பகுதியில் கடும் தீக்காயம். சிகிச்சை அளித்த ஜப்பானிய மருத்துவர்களின் சாட்சியத்தின்படி, நினைவு தவறாத நிலையில் சில மணி நேரம் இருந்த அவர், அன்றிரவு 9 மணிக்கு மேல் உயிரிழந்தார். உடல் தைஹோகுவிலேயே தகனம் செய்யப்பட்டது. ஆகஸ்ட் 23ஆம் தேதி ஜப்பானிய வானொலியும் செய்தி நிறுவனமும் அவரது மரணத்தை உலகுக்கு அறிவித்தன. செப்டம்பரில் டோக்கியோ கொண்டு வரப்பட்ட அஸ்தி, அங்குள்ள ரென்கோஜி கோயிலில் வைக்கப்பட்டது.

நம்ப மறுத்த நாடு

செய்தியை இந்தியாவில் பலர் நம்பவில்லை. அதற்கு முன்பும் ஒருமுறை, 1942இல், அவர் விமான விபத்தில் இறந்ததாகத் தவறான செய்தி பரவியிருந்தது. நள்ளிரவில் காவலை ஏமாற்றியவர், நீர்மூழ்கிக் கப்பலில் கண்டம் கடந்தவர் இம்முறையும் தப்பியிருப்பார் என்று மக்கள் நினைத்ததில் வியப்பில்லை. உடலை எந்த இந்தியத் தலைவரும் பார்க்கவில்லை. இந்தியர்களில் நேரடிச் சாட்சி ஹபீபுர் ரஹ்மான் ஒருவரே.

1956ஆம் ஆண்டு ஷா நவாஸ் கான் தலைமையில் மூவர் குழு அமைக்கப்பட்டது. 67 சாட்சிகளை விசாரித்த அக்குழு, போஸ் விமான விபத்தில் இறந்தார் என்று முடிவு செய்தது. ஆனால் உறுப்பினர்களில் ஒருவரும் போஸின் அண்ணனுமான சுரேஷ் சந்திர போஸ் அம்முடிவை ஏற்காமல் தனி அறிக்கை அளித்தார். தமிழகத்தில் முத்துராமலிங்கத் தேவரும் மரணச் செய்தியை ஏற்கவில்லை. 1970இல் அமைக்கப்பட்ட நீதிபதி கோஸ்லா ஆணையம் முதல் குழுவின் முடிவையே உறுதி செய்தது.

மூன்றாவதாக 1999இல் அமைக்கப்பட்ட நீதிபதி முகர்ஜி ஆணையம் மாறுபட்டது. அந்நாளில் தைஹோகுவில் அத்தகைய விபத்து நிகழ்ந்ததற்கான பதிவு இல்லை என்ற தைவான் தரப்புத் தகவலை அது கருத்தில் கொண்டது. போஸ் இறந்துவிட்டார், ஆனால் விமான விபத்தில் அல்ல என்றும், ரென்கோஜி அஸ்தி அவருடையது அல்ல என்றும் கூறியது. 2006ஆம் ஆண்டு மே மாதம் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட அந்த அறிக்கையை மத்திய அரசு ஏற்கவில்லை.

1992இல் அவருக்குப் பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டபோதும் இதே கேள்வி குறுக்கிட்டது. மறைவுக்குப் பிந்தைய விருது என்று குறிப்பிட்டதற்கு எதிர்ப்பு எழுந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. விருது வழங்கப்படவேயில்லை.

2016ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் தேதி, நேதாஜி தொடர்பான 100 ரகசியக் கோப்புகளை மத்திய அரசு வெளியிட்டது. அதே ஆண்டில் ஜப்பானிய அரசின் 1956ஆம் ஆண்டு அறிக்கையும் வெளியுலகுக்கு வந்தது. இன்ஜின் கழன்று விழுந்ததையும் அன்றிரவே போஸ் மரணமடைந்ததையும் அது பதிவு செய்திருந்தது. அவரது மகள் அனிதாவும் விபத்தில் தந்தை இறந்ததை ஏற்று, அஸ்தியைத் தாயகம் கொண்டு வர வேண்டும் என்று பகிரங்கமாகக் கோரிக்கை விடுத்தார்.

விழுந்த பின்னும் எழுந்த படை

தைஹோகு விபத்து நிகழ்ந்து மூன்று மாதங்களுக்குள், டெல்லி செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோர் மீது ராணுவ நீதிமன்ற விசாரணை தொடங்கியது. ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர் என மூவரையும் ஒரே குற்றக்கூண்டில் நிறுத்தியது பிரிட்டிஷ் அரசுக்கே எதிராகத் திரும்பியது. புலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதாடினார். போஸுடன் கருத்து மாறுபட்டிருந்த நேருவும் வழக்கறிஞர் அங்கி அணிந்து நீதிமன்றம் வந்தார்.

குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டும், நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பைக் கண்டு 1946ஆம் ஆண்டு ஜனவரியில் மூவரும் விடுவிக்கப்பட்டனர். அடுத்த மாதம் பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தனர். இந்தியச் சிப்பாய்களின் விசுவாசத்தை நம்பி இனி ஆள முடியாது என்ற உணர்வு ஆட்சியாளர்களிடம் வலுப்பெற்றது. போர்க்களத்தில் தோற்ற படை, நீதிமன்றத்தில் தனது நோக்கத்தை நிறைவேற்றியது.

இந்தப் படையில் இருந்த மலாயாத் தமிழர்களில் பலர் மீண்டும் ரப்பர் தோட்டங்களுக்கே திரும்பினர். சிங்கப்பூரில் படையின் தியாகிகளுக்காக 1945ஆம் ஆண்டு ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷ் படை தகர்த்தது. அந்த இடத்தில் இன்று ஒரு நினைவுப் பலகை நிற்கிறது.

2021 முதல் ஜனவரி 23ஆம் தேதி பராக்ரம தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே 28 அடி உயரக் கருங்கல் சிலை திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் சிலை நின்ற மண்டபம் அது. டெல்லியை நோக்கிப் படையைத் திரட்டியவர் அங்கு சிலையாகவே வந்து சேர்ந்தார். அவருடையது எனக் கருதப்படும் அஸ்தி மட்டும் டோக்கியோவின் அமைதியான கோயிலில், தாயகப் பயணத்துக்காகக் காத்திருக்கிறது.